ஒரே தாளத்தில் ஒரு வகுப்பு

பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். உயரத்தில் ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் எட்டு வண்ணக் கயிறுகள், கீழே எட்டுப் பிள்ளைகள். இடக்கையில் கயிறு, வலக்கையில் கோல். நான்கு பேர் வலமாகச் சுற்றுவார்கள், நான்கு பேர் இடமாக. எதிரே வருகிறவரின் கோலைத் தட்டிவிட்டு, ஒருவரை உட்புறமாகவும் அடுத்தவரை வெளிப்புறமாகவும் கடந்து போக வேண்டும். ஆட ஆட, மேலிருந்து பின்னல் இறங்கிவரும். கயிறு குட்டையாகும், வட்டம் சுருங்கும், ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும். அதற்குப் பிறகுதான் கஷ்டமான பாகம். வந்த வழியே திருப்பி ஆடிப் பின்னலைப் பிரிக்க வேண்டும். உள்ளே போக வேண்டிய இடத்தில் ஒரே ஒருவர் வெளியே போயிருந்தாலும் கயிறு அங்கே சிக்கி நின்றுவிடும்.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் முழுக்கச் சிக்கியது. “யாரு தப்பு பண்ணது?” என்று ஒருவரையொருவர் முறைத்தோம். டீச்சர் கேட்டது வேறு: “தாளம் எங்க விட்டுச்சு?” அப்புறம் நாங்களும் ஆளைத் தேடுவதை விட்டு, தாளம் விட்ட இடத்தைத் தேடினோம். அதுவரை யாரிடமும் வாய் திறக்காத ஒரு பையன், ஒருநாள் எதிரே வந்தவளிடம் “உள்ள வா, உள்ள வா” என்று சொல்லிக்கொண்டே ஆடினான். அன்றைக்குக் கயிறு பிரிந்தது. மறுநாள் மதியம் அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

சேர்ந்து ஆடினால் ஏன் மனசு ஒட்டுகிறது? ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் இரண்டிரண்டு பேராக விளையாடினார்கள். சில ஜோடிகளின் விளையாட்டில் பாட்டும் ஆட்டமும் இருந்தன. மற்றவர்களுக்கு அதே விளையாட்டு, பாட்டும் ஆட்டமும் மட்டும் இல்லை. பிறகு ஒரு குழந்தையின் கையிலிருந்த குழாயின் அடி கழன்று கோலிகள் கொட்டும்படி செய்தார்கள். ஓடிவந்து உதவியதில் சேர்ந்து பாடி ஆடியவர்களே அதிகம். 2017-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இரண்டு குழந்தைகளைப் பக்கத்துப் பக்கத்து ஊஞ்சலில் ஆட்டிப் பார்த்தார்கள். ஒரே வீச்சில் ஆடிய ஜோடி, அடுத்துக் கொடுத்த கூட்டு வேலையைச் சீக்கிரம் முடித்தது. கும்மி கொட்டிய நம் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

திருப்பூர்ப் பக்கம் போனால் சேர்ந்து ஆடுவதன் தேவை இன்னும் நன்றாக விளங்கும். பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து பிடிபட மாதக்கணக்கில் ஆகலாம். கும்மிக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து முதல் நாளே கொட்டலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை தாளத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். காது கேளாத பிள்ளை மேசைப் பலகையில் உள்ளங்கை வைத்தால் தட்டின் அதிர்வு தெரியும்.

ஆனால் நம் பள்ளிகளில் ஆட்டம் என்றால் ஆண்டு விழா. உயரம் பார்த்து, நிறம் பார்த்து, எட்டுப் பேரைப் பொறுக்குவார்கள். மீதிப் பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள். எத்தனை பிள்ளைகளின் மனசில் அது முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது! வகுப்பை ஒன்றாக்க வேண்டிய ஆட்டமே வகுப்பை இரண்டாகப் பிளக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மேடைக்கு ஆடுவது தனி, வகுப்புக்குள் ஆடுவது தனி. வகுப்புக்குள் ஒரு பிள்ளைகூட வெளியே நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941-இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, டெக்சாஸில் மணிக்கணக்கில் அணிவகுப்புப் பழகினார். சேர்ந்து அடி எடுத்து வைத்தபோது உள்ளே பொங்கிய பரவசத்தை அவர் மறக்கவில்லை. 1995-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதே பரவசத்தைச் சர்வாதிகாரிகளும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே வகுப்பில் தாளம் எப்போதும் ஆசிரியர் கையிலேயே இருந்துவிடக் கூடாது. இன்று ஒரு பிள்ளை தொடங்கட்டும், நாளை இன்னொரு பிள்ளை மாற்றட்டும். கோலாட்டத்தில் விரலில் அடி பட்டால் ஆட்டத்தை நிறுத்திக் கேட்க வேண்டும். அணிவகுப்பு அப்படி நிற்காது.

இதற்குத் தனி அறை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அறையிலும் கைத்தட்டு, தொடைத்தட்டு, மேசைத்தட்டு போதும். ஆசிரியப் பெருமக்களே, வருகைப் பதிவு எடுத்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் தட்டைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தட்டட்டும்.