இரத்தத்தில் அமிலம்: அப்பச்சோடா மருந்தல்ல

இரத்தத்தில் அமிலம் மிகுந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி தளரும் என்பது உண்மை. அதைத் தேசிக்காய்த் தண்ணீராலும் அப்பச்சோடாவாலும் காரநீர்ப் போத்தலாலும் சரிப்படுத்தலாம் என்பது பொய். உண்மையைச் சொல்லிப் பொய்யை விற்பவர்களிடம் சாவகச்சேரியில் எவரும் ஏமாறக்கூடாது.

இரத்தத்தின் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும். சுவாசப்பை காபனீரொட்சைட்டை வெளியேற்றியும் சிறுநீரகம் அமிலத்தைக் கழித்தும் அதைக் காக்கின்றன. சாப்பாடு சிறுநீரின் அமிலத்தன்மையை மாற்றும். இரத்தத்தினதை அப்படி மாற்றாது. இரத்தம் அமிலமானால் பெரும்பாலும் உள்ளே ஒரு நோய் முற்றியிருக்கிறது: கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம், சிறுநீரகம் செயலிழந்திருக்கலாம், நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தியிருக்கலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்தான். அமிலம் மிகுந்தால் வெண்குருதிக் கலங்கள் கிருமியைத் தேடிப் போவதும் விழுங்கிக் கொல்வதும் மந்தமாகும். தொற்று இன்னும் முற்றும்.

பச்சைக் குழந்தைக்கு ஆபத்து அதிகம். பிறக்கும்போது மூச்சுத் திணறினால் இரத்தம் விரைவில் அமிலமாகும். தாயின் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் காவல் குறைவு, சிறுநீரகமும் முதிர்ந்திராது. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டால் அல்லது குளிர்ந்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளிழுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சீனித் தண்ணீரோ தேசிக்காய்ச் சாறோ பருக்காதீர்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே.

நீரிழிவுள்ள பெரியவருக்கு வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, மூச்சில் பழ வாசனை வந்தாலும் அவசரம்தான். அப்பச்சோடாவில் உள்ள சோடியம் இதய, சிறுநீரக நோயாளருக்குக் கேடு.

1990ஐ அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலும், அங்கிருந்து அனுப்பினால் யாழ் போதனா வைத்தியசாலையிலும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. என்ன நோய், என்ன மருந்து என்று தமிழில் கேட்டறிவது உங்கள் உரிமை.

உடம்பைக் காரமாக்கினால் நோய் தீரும் என்ற இதே கொள்கையை அமெரிக்காவில் புத்தகமாக விற்ற ரொபேட் யங்குக்கு, உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக 2017இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கும் பொய் விளம்பரத்துக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஏமாற்றப்பட்டிருந்தால் பற்றுச்சீட்டையும் போத்தலையும் எறியாமல் வைத்துக்கொண்டு அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடுங்கள்.