காமெடி ஓகே... காதல் கூடாதா? 1921-ல் பிராட்வேயின் விதியை உடைத்த 'ஷஃபிள் அலாங்'

1921 மே 23. நியூயார்க், 63-வது தெரு. புது இசை நாடகத்தின் முதல் நாள். மேடையில் காதல் டூயட் தொடங்குகிறது. நாடகத்தை உருவாக்கிய நால்வரில் மூன்று பேர், எந்த நேரமும் ஓடத் தயாராக வாசல் கதவருகே நிற்கிறார்கள். நான்காமவர் யூபி பிளேக், பாவம், பியானோ முன்னால் மாட்டிக்கொண்டார்! மூவரில் ஒருவரான நோபிள் சிசில் பின்னாளில் சொன்ன கதை இது.

ஏன் இவ்வளவு பயம்?

எழுத்து, இசை, நடிப்பு எல்லாமே கறுப்பினக் கலைஞர்கள். அவர்களின் காமெடியையும் டான்ஸையும் வெள்ளை ரசிகர்கள் ரசிப்பார்கள். ஆனால், ஒரு கறுப்பின ஜோடி சீரியஸாகக் காதலித்தால்? கூச்சல் போடுவார்கள், கையில் கிடைத்ததை வீசுவார்கள் என்பதே அன்றைய நாடக உலகின் நம்பிக்கை.

நடந்தது என்ன தெரியுமா? கைதட்டல், ஒன்ஸ்மோர்!

விமர்சகர்கள் என்ன சொன்னாங்க?

கதை சிம்பிள். ஜிம்டவுன் என்ற ஊரில் மேயர் தேர்தல். மளிகைக்கடை பார்ட்னர்கள் இருவர் எதிரெதிராகப் போட்டியிடுகிறார்கள். கடைசியில் ஜெயிப்பது நேர்மையான ஹாரி. 'நியூயார்க் டைம்ஸ்' பிளேக்கின் இசையைப் பாராட்டியது. எழுத்தும் நடிப்பும் கரடுமுரடு என்றது. ஆனால் கூட்டம் குறையவில்லை. கடனில் மூழ்கியபடி வந்த நாடகம், 504 காட்சிகள் ஓடியது.

என்ன மாறியது?

வழக்கமாக பால்கனிக்கு அனுப்பப்பட்ட கறுப்பின ரசிகர்களுக்கு, இங்கே கீழ்த்தளத்திலும் இடம் கிடைத்தது. பிரிவினை முழுசா ஒழிந்துவிடவில்லை. ஆனால் சுவரில் விரிசல் விழுந்தது. புளோரன்ஸ் மில்ஸ் இதில்தான் ஸ்டார் ஆனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க இந்த நாடகமும் முக்கியக் காரணம் என்று கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அப்போ எல்லாமே புரட்சியா?

இல்லை. காமெடி ஜோடி மில்லரும் லைல்ஸும் கறுப்பினத்தவர்கள்தான். ஆனாலும் முகத்தில் கரி பூசிக்கொண்டே நடித்தார்கள். வெள்ளையர்கள் கறுப்பினத்தவரைக் கிண்டலடிக்க உருவாக்கிய வேஷம் அது. ஒரே மேடையில் பழைய கேலியும் இருந்தது, புதிய காதலும் இருந்தது.

இந்தச் சிக்கல் நாடகத்தை விடவே இல்லை. 1952-ல் மறுபடியும் மேடையேற்றியபோது நான்கே காட்சிகளில் மூடுவிழா. 2016-ல் இயக்குநர் ஜார்ஜ் சி. வுல்ஃப் வேறு வழியில் போனார். பழைய கதையை அப்படியே போடாமல், அந்த நாடகம் உருவான கதையையே நாடகமாக்கினார். 10 டோனி விருதுப் பரிந்துரைகள் கிடைத்தன. ஜிம்டவுன் தேர்தலைவிட, அதை மேடையேற்ற நால்வரும் பட்ட பாடுதான் இன்றைய ரசிகர்களுக்கும் சொல்ல வேண்டிய கதை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.