லோடு என்ன விலை அல்ல, லிட்டர் என்ன விலை?

"பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்" என்று ஊதாரியைச் சுட்டிச் சொல்வது நம்மவர் வழக்கம். தண்ணீருக்கு விலை இல்லாத காலத்தில் பிறந்த பேச்சு அது! இன்று சேலத்திலிருந்து நாமக்கல் வரை பரந்து கிடக்கும் சமவெளியில் சிறுதொழில் நடத்துகிற ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், வாய்விட்டுச் சிரிப்பார். தண்ணீரைத்தான் அவர் பணமாய்ச் செலவழிக்கிறார்! குமாரபாளையத்துச் சாயப்பட்டறையிலும், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலையிலும், நாமக்கல் கோழிப் பண்ணையிலும், பேருந்து நிலையத்து டீக்கடையிலும் மாதக் கணக்கு எழுதும்போது தண்ணீருக்கென்று தனி வரி விழுகிறது. அந்த வரி ஆண்டுக்கு ஆண்டு நீளுகிறது.

வேடிக்கை ஒன்று உண்டு. இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் சென்று ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் நமது திருச்செங்கோடு! பாறையைப் பிளந்து பிறருக்குத் தண்ணீர் காட்டும் கைகள் வாழும் இந்தச் சமவெளியிலேதான், கோடை வந்துவிட்டால் லாரித் தண்ணீருக்காக வாசலைப் பார்த்து நிற்கும் பட்டறைகளும் இருக்கின்றன!

"முதலாளியின் தண்ணீர்ச் செலவைப் பற்றித் தொழிலாளிக்கு என்ன கவலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கவலைப்பட வேண்டியவன் தொழிலாளிதான்! கூலி உயர்வு கேட்கும் நாளில் மேசைமீது வைக்கப்படும் முதல் காகிதம் எது? "மின்சாரம் ஏறிவிட்டது, நூல் விலை ஏறிவிட்டது, தண்ணீர் ஏறிவிட்டது" என்ற பட்டியல்தானே! அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவன் பதில் சொல்லுவான். தெரியாதவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்புவான். மேலும், லாரியிலே வரும் தண்ணீர் வானத்திலிருந்து லாரிக்குள் பொழிந்தது அல்ல. ஏதோ ஓர் ஊரின் கிணறு அது. அந்த ஊரிலே குடத்தோடு நிற்பவள் நம் வீட்டுப் பெண்!

ஆகவே கணக்கைக் கையில் எடுப்போம்.

மலிவு என்னும் மாயம்

தண்ணீர் விற்பவர் "லோடு இவ்வளவு" என்பார். கேன் விற்பவர் "கேன் இவ்வளவு" என்பார். நகராட்சி ரசீது "கிலோலிட்டர்" என்று பேசும். மூவரும் மூன்று மொழி பேசினால் எது மலிவு என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஆயிரம் லிட்டர் என்ற ஒரே படியில் அளக்க வேண்டும். கிலோலிட்டர் என்பதும் ஆயிரம் லிட்டர்தான்; கன மீட்டர் என்பதும் அதுவேதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 12,000 லிட்டர் லோடு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய் ஆகிறது. 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால்? ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய்! கேனிலே வாங்கிக் குடிக்கலாம். அதிலே பாத்திரம் கழுவுகிற கடைக்காரர், தெரியாமலே பதினைந்து மடங்கு விலை கொடுக்கிறார்.

இப்போது இன்னொருவர் வருகிறார். "அவரை விடுங்கள், நான் 1,100 ரூபாய்க்குத் தருகிறேன்" என்கிறார். நூறு ரூபாய் மிச்சம் என்று உடனே ஆளை மாற்றிவிடலாமா? அவசரப்படாதீர்கள்! உங்கள் தரைத் தொட்டியை அளந்து பாருங்கள். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். பத்தடி நீளம், எட்டடி அகலமுள்ள தொட்டியில் 12,000 லிட்டர் கொட்டினால் நீர் ஐந்தேகால் அடிக்குச் சற்று மேல் உயர வேண்டும். புதியவரின் லோடு நாலரை அடிதான் உயர்த்தியது என்றால், வந்தது சுமார் 10,200 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு விலை ஏறத்தாழ 108 ரூபாய்! மலிவு என்று மாற்றியது, மாற்றியபின் விலை கூடிவிட்டது. ஆளைப் பார்த்துப் பயனில்லை. அளவைப் பார்க்க வேண்டும். ஓர் அளவுகோலும் ஒரு சாக்கட்டியும் போதும். பட்டணத்து ஆடிட்டர் தேவையில்லை!

கோழிப் பண்ணைக்கும் இதே கணக்குத்தான். முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு குடிக்கும். வெயில் ஏறினால் இன்னும் கூடக் குடிக்கும். ஐம்பதாயிரம் கோழி உள்ள பண்ணைக்குக் குடிநீர் மட்டும் 12,500 லிட்டர். அதாவது நாளுக்கு ஒரு லாரி! ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய் வேறுபட்டால், நாளுக்கு 125 ரூபாய். ஆண்டுக்கு 45,000 ரூபாய்க்கு மேல். சிறிய வேறுபாடு என்று எதையும் தள்ளிவிட முடியாது.

சொந்தக் கிணறு இனாமா?

"எனக்கு ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது, தண்ணீர் இனாம்" என்பார் சிலர். இனாமா? பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட் மின்சாரம் போகிறது. யூனிட் எட்டு ரூபாய் என்று கொண்டால் 60 ரூபாய். அந்த ஒரு மணியில் ஆறாயிரம் லிட்டர் வந்தால் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். நீர்மட்டம் இறங்கி இரண்டாயிரம் லிட்டர்தான் வருகிறது என்றால் முப்பது ரூபாய். மோட்டார் அதே மோட்டார்; மீட்டர் ஓடுவதும் அதே ஓட்டம்; தண்ணீர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு! இதற்குமேல் உப்பு நீர் கொதிகலனில் படியும் காரை, சாயம் ஒட்டாமல் கெடும் துணி, மோட்டார் காயில் எரியும் செலவு. இத்தனையும் தண்ணீர் ரசீதில் வராத தண்ணீர்ச் செலவுகள்.

திருப்பூர் கண்ட பாடம்

பட்டறைகள் கூட்டமாகத் தண்ணீர் விற்பவரை மாற்றிய கதை ஒன்று நமக்கு அடுத்த வீட்டிலேயே நடந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நெடுங்காலம் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரியில் வந்த தண்ணீரை நம்பி நின்றன. 1995 இல், அரசும் ஏற்றுமதியாளரும் நிதி நிறுவனமும் சேர்ந்து புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனியை அமைத்தனர். செலவு ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். பவானி ஆறு காவிரியோடு சேரும் இடத்துக்கு அருகே நீர் எடுத்து, சுமார் 55 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோகும் திட்டம். குமாரபாளையத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தைக் கடந்தால் பவானி! நாளுக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர் கொடுக்கும் திறன். முப்பது ஆண்டு உரிமை. 2005 ஆம் ஆண்டையொட்டித் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

தொடக்கத்தில் விலை என்ன? ஆயிரம் லிட்டருக்கு ஆலைகளுக்கு 45 ரூபாய். திருப்பூர் நகராட்சிக்கு 5 ரூபாய். வழியோரச் சிற்றூர்களுக்கு மூன்றரை ரூபாய். ஆலை கொடுக்கும் பணத்தில் ஊரார் தாகம் தீரும் என்பது ஏற்பாடு. லாரியைப் பார்த்து நின்ற பட்டறைக்கு, உப்பில்லாத ஆற்று நீர் குழாயில் வந்தது. நல்லதுதான், மறுப்பார் இல்லை.

ஆனால் உள்ளே வந்த தண்ணீரைக் கணக்குப் பார்த்தவர்கள், வெளியே போன தண்ணீரைக் கணக்குப் பார்த்தார்களா? சாயக் கழிவு நொய்யலில் இறங்கியது. ஆறு நிறம் மாறியது; அணை நீர் பாழாகியது; கரையோர உழவர் நீதிமன்றம் போனார்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவைத் துளிகூட வெளியே விடக்கூடாதென்ற கட்டளையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையின்றித் தெருவில் நின்றனர். பின்னர்க் கழிவு நீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. வந்ததும், பட்டறைகள் வாங்கும் புதுநீர் சுருங்கியது; நீர் விற்ற கம்பெனி கடன் சுமையில் தள்ளாடியது. அதை அமைத்தவர்களுள் ஒன்றான ஐ.எல்.எப்.எஸ். நிறுவனமே 2018 இல் கடன் கட்ட முடியாமல் கவிழ்ந்தது!

பாடம் என்ன? விற்பவரை மாற்றினார்கள், குழாய் வந்தது, விலையும் எழுதப்பட்டது. ஆனால் கழிவுநீரின் செலவை எவரும் ரசீதில் எழுதவில்லை. எழுதப்படாத அந்தச் செலவை, முதலில் உழவன் கட்டினான். அடுத்துத் தொழிலாளி கட்டினான்!

சீமையிலே என்ன நடக்கிறது?

இங்கிலாந்திலே தண்ணீர்க் கம்பெனிகளை 1989 இல் தனியாருக்கு விற்றார்கள். 2017 ஏப்ரலிலிருந்து அங்கே கடை, ஆலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் தமக்குப் பிடித்த தண்ணீர் வியாபாரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் 2008 லேயே இந்த முறை வந்துவிட்டது. "ஆகா, போட்டி! விலை சரியும்!" என்று தோன்றும். நடப்பு என்ன? குழாய் அதே குழாய். தண்ணீர் அதே தண்ணீர். மீட்டரைப் படித்து ரசீது அனுப்புகிறவர் மட்டுமே மாறுகிறார். கட்டணத்தில் பெரும்பகுதி, குழாயை வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கே போய்ச் சேருகிறது. லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் கம்பெனிக்கு, கழிவுநீரைச் சரிவரக் கையாளாததற்கும், விதியை மீறிப் பங்குதாரருக்கு லாபம் பிரித்ததற்கும், 2025 மே மாதம் 12 கோடியே 27 லட்சம் பவுன் அபராதம் விழுந்தது!

ஆயினும் அங்குள்ளவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் ரசீதில் உள்ளே வரும் நீருக்கு ஒரு வரி. சாக்கடைக்குப் போகும் நீருக்கு ஒரு வரி. மழைநீர் வடிகாலுக்கு ஒரு வரி. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியே தெரிகிறது. தெரிவதால் கேள்வி கேட்க முடிகிறது. "என் ரொட்டிக் கடையில் மாவோடு போன தண்ணீருக்கு எதற்கய்யா சாக்கடைக் கட்டணம்?" என்று கேட்டு, அதைக் குறைத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது.

ரசீதைப் படிப்போம்

நம் ஊர்க் குழாயில் விற்பவரை மாற்ற முடியாது. மாநகராட்சியோ நகராட்சியோ ஒன்றுதான். ஆனால் ரசீதைப் படிக்க முடியும். முதலில், உங்கள் இணைப்பு எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வீடா, வணிகமா, ஆலையா? வகைக்கு வகை விலை வேறு. அடுத்து, முந்தைய அளவு, இப்போதைய அளவு. இரண்டின் கழித்தல்தான் நீங்கள் வாங்கிய தண்ணீர். மீட்டரில் கறுப்பு எண்கள் கிலோலிட்டர். சிவப்பு எண்கள் அதன் சில்லறை. பிறகு நிலுவை, பாதாளச் சாக்கடைக் கட்டணம் ஆகியவற்றைத் தனியே பிரித்துப் பாருங்கள். மொத்தத்தை மட்டும் பார்ப்பவன், சோற்றை எண்ணாமல் இலைக்குக் காசு கொடுப்பவன்!

இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிறு சக்கரம் சுழன்றால் எங்கோ ஒழுக்கு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் நாளுக்கு 1,440 லிட்டர். மாதத்துக்கு 43,000 லிட்டருக்கு மேல்! லாரிக் கணக்கில் மூன்றரை லோடு, எவருக்கும் பயன்படாமல் மண்ணுக்குள்ளே போகிறது.

தோழர்களே! தண்ணீர் இல்லை என்று முழங்குவது எளிது, முழங்கியும் இருக்கிறோம். இனிக் கணக்கோடு முழங்குவோம். ஒவ்வொரு கிளையிலும் கணக்குத் தெரிந்த தோழர் இருவர், வட்டாரத்துப் பட்டறைகளும் கடைகளும் ஆயிரம் லிட்டருக்கு என்ன கொடுக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். லாரி நிரப்பும் இடத்தில் லிட்டர் அளவும் விலையும் பலகையில் எழுதச் சொல்லிக் கேட்கட்டும். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 உம் ஒன்று. அன்று எழுந்து நின்று கேளுங்கள்: "நம் ஊர்க் கிணற்றிலிருந்து நாளுக்கு எத்தனை லோடு போகிறது? எங்கே போகிறது? அதன் கழிவு எங்கே திரும்புகிறது?"

மூன்று கேள்விகளுக்கும் எண்ணில் பதில் வேண்டும். "ஏதோ கொஞ்சம்", "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பேச்சு ஆகாது. அந்த எண் தொழிலாளியின் கையில் இருக்கும் நாளில், "தண்ணீர் ஏறிவிட்டது, கூலி ஏறாது" என்று சொல்ல வருகிறவர், பட்டியலை ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டுத்தான் வருவார்!