சிலிகா: பொது நீர்நிலையும் மாறிவரும் தட்பவெப்பமும்

ஒடிசா மாநிலத்தின் பூரி, குர்தா, கஞ்சம் மாவட்டங்களைத் தொட்டுப் பரந்து கிடக்கும் சிலிகா, நம் நாட்டின் மிகப் பெரிய உவர்நீர்க் காயலாகும். மழைக்காலத்தில் இதன் பரப்பு 1,165 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்குகிறது. இவ்வாறு எல்லை ஆண்டுதோறும் நகரும் ஒரு பொதுச் சொத்தை எவ்விதம் அளப்பது, எவருக்கு எவ்வளவு உரிமை அளிப்பது என்பது எளிய நிர்வாகப் பணியன்று.

சிலிகாவின் உயிர்நாடி உப்பும் நன்னீரும் கலக்கும் அளவிலேயே உள்ளது. மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலியன வடபுறத்திலிருந்து நன்னீரையும் வண்டலையும் கொணர்கின்றன. மேற்கிலுள்ள குன்றுகளிலிருந்து பல சிற்றாறுகள் வந்து சேர்கின்றன. கிழக்கே கடலுடன் இணைக்கும் முகத்துவாரம் வழியாக உப்பு நீரும், இறால் மற்றும் மீன் குஞ்சுகளும் உட்புகுகின்றன. இம்மூன்றில் எது தடைப்பட்டாலும் காயல் நலிவுறும்.

தடைப்பட்டது முகத்துவாரம்தான். கரையோர மணல் நகர்ச்சியால் அது வடகிழக்கே தள்ளிக்கொண்டே சென்றது. கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட வாய்க்கால் நீண்டு தூர்ந்தது. உப்பின் அளவு குறைந்ததால் நன்னீர்க் களைகள் மண்டின, மீன்வளம் சரிந்தது. (பழவேற்காட்டு மீனவர்களும் முகத்துவாரம் மணலால் அடைபடும் துன்பத்தை நன்கறிவர்.) 1981-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற சிலிகா, 1993-இல் இடர்ப்பாட்டுக்குள்ளான ஈரநிலங்களைக் குறிக்கும் மோன்த்ரோ பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது.

இதற்கென மாநில அரசு 1991-இல் சிலிகா வளர்ச்சி ஆணையத்தை அமைத்திருந்தது. நீர்ப்பாசனம், வனம், வருவாய், மீன்வளம் ஆகிய துறைகள் தனித்தனியே கவனித்துவந்த பணிகளை ஒருங்கிணைப்பதே அதன் நோக்கம். நீரோட்ட ஆய்வுகளுக்குப் பின், 2000 செப்டம்பரில் சிபாகுடா அருகே புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. கடலுக்குச் செல்லும் வழி 18 கிலோமீட்டர் அளவு குறைந்தது. 1999-2000-இல் 1,745 டன்னாக இருந்த மீன்பிடிப்பு, 2001-02-இல் 11,989 டன்னாக உயர்ந்தது. 2002-இல் சிலிகா மோன்த்ரோ பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதியின் குன்றுச் சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்கும் பணிகளும் உடன் நடைபெற்றன. மேட்டு நிலத்தைக் காவாமல் பள்ளத்து நீரைக் காக்க இயலாது என்பதை ஆணையம் உணர்ந்திருந்தமை பாராட்டத்தக்கது.

ஆயினும், பெருகிய மீனில் எவருக்குப் பங்கு என்ற வினா பொறியியலால் தீர்வதன்று. மீன்பிடித் துறைகள் மரபுவழி மீனவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகையாக விடப்பட்டு வந்தன. 1959-இல் இதற்கென மத்திய கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஒன்று தோன்றியது. இறால் ஏற்றுமதியில் ஆதாயம் கூடியதும் நிலை மாறிற்று. மூங்கிலும் வலையும் கொண்டு காயலை வளைத்து இறால் வளர்க்கும் ‘கேரி’ எனப்படும் அடைப்புகள் பரவின. அவை மீன் செல்லும் வழிகளை மறித்ததோடு, மீனவர் அல்லாதாரையும் வெளியூர் முதலீட்டையும் காயலுக்குள் கொண்டுவந்தன. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சிலிகாவைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னரும் அடைப்புகள் முற்றிலும் நீங்கவில்லை. 1999 மே மாதம் அவற்றை மீனவர்களே அகற்ற முற்பட்டதைத் தொடர்ந்து, சோரானா கிராமத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர். சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு தட்டிக்கழிக்கப்படும்போது அதன் சுமை எளியோர் தோளில் விழுகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

இப்போது தட்பவெப்ப மாற்றம் இக்கணக்குகளையெல்லாம் கலைத்து வருகிறது. கடல் மட்டம் உயர்கிறது. மழை சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, நெடுநாள் பொய்க்கும் போக்கு வலுப்படுகிறது. பெருவெள்ளம் வந்தால் காயலின் உப்பு திடீரெனக் குறையும். ஆற்று வரத்து மெலிந்தால் அது ஏறும். 2013-இல் ஃபைலின் புயலும், 2019 மே 3-இல் ஃபானி புயலும் இக்கரையைத் தாக்கின. ஃபானி, காயலைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல் திட்டை உடைத்துப் புதிய வாய்களைத் திறந்தது. மனிதர் வெட்டிய முகத்துவாரமும் இடம்பெயர்ந்து வந்திருக்கிறது.

எனவே, முகத்துவாரத்தை ஒருமுறை வெட்டியதுடன் பணி முடிவதில்லை. மணலையும் உப்பின் அளவையும் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ப மேலாண்மைத் திட்டத்தைத் திருத்த வேண்டியுள்ளது. மகாநதியின் மேற்பகுதி அணைகளிலிருந்து எப்போது எவ்வளவு நன்னீர் விடுவது என்பதும் இனிச் சிலிகாவின் வினாவே. குத்தகை முறையின் நிலை இதனினும் கடினமானது. நீரோட்டம் மாறினால் மீன் செல்லும் வழியும் மாறும். ஒரு சங்கத்தின் துறை வறண்டு, அடுத்த சங்கத்தின் துறை செழிக்கக்கூடும். வரைபடத்தில் நிலையாகக் குறிக்கப்பட்ட எல்லைகளுக்குக் கட்டணம் வாங்கும் முறை, இழந்த சங்கத்திற்கு மாற்றுத் துறையோ கட்டணக் குறைப்போ வழங்க இடந்தர வேண்டும். அதனை முடிவு செய்யும் குழுவில் மீனவர் சங்கங்களின் பிரதிநிதிகளும் அமர வேண்டும்.