சைக்கிள் ஹெல்மெட் ஏன் நசுங்க வேண்டும்?

சைக்கிள் மெதுவாகத்தானே போகிறது, ஹெல்மெட் எதற்கு என்பார்கள். ஓட்டும் வேகத்தை விடுங்கள்; ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே தலை ஏறக்குறைய மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். சிமென்ட் தரை இம்மியும் இளகாது. மண்டையோடு சட்டென நிற்க, உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை நிற்காமல் போய் எலும்பில் இடிக்கும். தலை திருகிக்கொண்டு விழுந்தால் இன்னும் மோசம்: நரம்பிழைகளே இழுபடும்.

ஹெல்மெட்டுக்குள் இருப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மோகோல் வகை நுரை. அது நசுங்கும் சில மில்லி விநாடிகளில் தலையின் வேகம் படிப்படியாக அடங்குகிறது. தாக்கும் விசை பெரிதும் குறைகிறது. நசுங்கிய நுரை மீளாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

பிள்ளைக்கு மாட்டும்போது விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். பின்னுக்குத் தள்ளிப் போட்டால் நெற்றிக்குக் காப்பே இல்லை.