பெரிய மண்டபத்திற்குப் பழைய ஒலிபெருக்கிகளைத் தெரிதல்



ஒரு கிராமத்து வாசிகசாலையோ, சனசமூக நிலையமோ, பாடசாலையோ தன் மண்டபத்திற்கு ஒரு சோடி ஒலிபெருக்கி வாங்க எண்ணும்போது முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதேயாகும். புதியனவற்றின் விலை கைக்கு எட்டாததாயிருப்பின், பழைய பொருள் விற்கும் கடைகளை நாடுகின்றோம். அங்ஙனம் நாடுவது இழிவன்று. நன்கு செய்யப்பட்ட ஒலிபெருக்கி நாற்பது ஆண்டு கடந்த பின்னரும் செவ்வனே இயங்கும் தன்மையது. ஆனால், அங்கே செலவாகும் பணம் பெற்றாரும் அங்கத்தவரும் சிறுகச் சிறுகச் சேர்த்தளித்த பணம் என்பதை மறத்தலாகாது. அதனைப் பளபளப்பான ஒரு பெட்டிக்குக் கொடுத்துவிட்டுப் பின்வரிசைப் பிள்ளைக்கு ஒரு சொல்லேனும் விளங்காது போகுமாயின், இழப்பு பணத்தளவில் நிற்பதன்று. ஆகையால், எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதைச் சற்று விளக்கமாக ஆராய்வோம்.

ஒலிபெருக்கியின் அமைப்பு மிக எளிது. ஒரு காந்தத்தின் இடைவெளியிலே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகின்றது. அச்சுருளோடு ஒரு கூம்பு ஒட்டப்பட்டிருக்கின்றது. சுருளினூடே மாறி மாறி மின்னோட்டம் செல்லும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது, அதுவே ஒலியாகின்றது. இவ்வமைப்பை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தோர் அமெரிக்காவிலே றைஸ், கெலொக் என்னும் இரு பொறியியலாளர். அவர்கள் தமது ஆய்வை வெளியிட்டது 1925 ஆம் ஆண்டிலாகும். கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானதும் அதே ஆண்டிலேயே என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒற்றுமையன்றோ! சுருள், காந்தம், கூம்பு என்னும் இம்மூன்றும் அடிப்படையில் இன்றும் மாறவில்லை. பழைய ஒலிபெருக்கியை நாம் நம்பி வாங்கலாம் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

இனி, பெரிய மண்டபம் சிறிய அறையினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைக் காண்போம். திறந்த வெளியிலே தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலியின் மட்டம் 6 டெசிபெல் குறைகின்றது. மண்டபத்திலே சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறைவதில்லை. எனினும், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வேறுபாடு இருந்தே தீரும். இதனை ஈடுசெய்ய வலு வேண்டும். ஆனால், கடைக்காரர் பெட்டியின் பின்புறத்தைக் காட்டி, “இது நூறு வாற்று, இது இருநூறு வாற்று” என்று கூறுவது நமக்கு வேண்டிய விடையன்று. அவ்வெண், ஒலிபெருக்கி பழுதுறாமல் எவ்வளவு வலுவைத் தாங்கும் என்பதைக் காட்டுமேயன்றி, எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பதைக் காட்டாது.

நாம் கேட்கவேண்டிய எண் வேறு. அதற்கு உணர்திறன் என்று பெயர். ஒரு வாற்று வலுவை அளித்து, ஒரு மீற்றர் தூரத்திலே நின்று அளக்கும்போது எத்தனை டெசிபெல் கிடைக்கின்றது என்பதே உணர்திறனாகும். இவ்வெண் 3 குறையுமாயின், அதே உரப்பைப் பெற இருமடங்கு வலு வேண்டும். 92 டெசிபெல் உணர்திறன் உடைய ஒலிபெருக்கி 20 வாற்றில் தரும் உரப்பை, 86 டெசிபெல் உடையது 80 வாற்றிலும், 83 டெசிபெல் உடையது 160 வாற்றிலுமே தரும். வலுமிக்க விரியலாக்கிக்கு விலை அதிகம். ஆகவே, சிறு செலவில் பெரிய மண்டபத்தை நிரப்ப விரும்புவோர் 90 டெசிபெலுக்குக் குறையாத உணர்திறனைத் தேடுவது சிக்கனமாகும்.

அப்படியாயின், சிறிய பெட்டியாய், உரத்து ஒலிப்பதாய், மத்தளத்தின் அடித்தொனி வரை இறங்குவதாய் ஒன்றை வாங்கலாகாதோ எனின், இயற்கை அதற்கு இடங்கொடுப்பதில்லை. சிறிய பெட்டி, உயர்ந்த உணர்திறன், தாழ்ந்த சுருதி ஆகிய மூன்றனுள் இரண்டையே ஒருங்கே பெறலாம். இதனை ஒலிபெருக்கித் துறையினர் ஹொப்மனின் இரும்பு விதி என்பர். ஹொப்மன் என்பார் 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கே. எல். எச். நிறுவனத்தைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர். இதற்கோர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1970 களில் வகுத்த எல். எஸ். 3/5ஏ என்னும் சிறு ஒலிபெருக்கி, பேச்சின் தெளிவுக்குப் பெரும் புகழ் பெற்றது. எனினும், ஒலிபரப்பு வாகனம் போன்ற ஒடுங்கிய இடங்களுக்கென்றே அது அமைக்கப்பட்டது. அதன் உணர்திறன் ஏறக்குறைய 83 டெசிபெலே. அதனை ஒரு மண்டபத்தில் வைத்துக்கொண்டு உரப்பு இல்லையே என்று குறைகூறுவது, கைவிளக்கை ஏந்திக்கொண்டு வயல் முழுதும் வெளிச்சம் வேண்டுவது போலாகும். புகழை நோக்காது பொருத்தத்தை நோக்குதல் வேண்டும். பெரிய பெட்டிக்குப் பலருடைய வீட்டில் இடம் இல்லாமையால், அது பழைய கடையில் மலிவாய்க் கிடைப்பதுண்டு. மண்டபத்தார்க்கு அது நற்பேறே. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலக் கூம்புடைய பெட்டியை அவர்கள் முதலில் நாடலாம்.

ஒலிபெருக்கியைப் பார்க்குமுன் மண்டபத்தைப் பார்த்தல் வேண்டும் என்பதையும் ஈண்டு வலியுறுத்துகின்றேன். 1895 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்திலே பேச்சு விளங்கவில்லை. பேசியவரின் குரல் ஐந்து செக்கனுக்கு மேல் நின்று முழங்கியது. அதனைத் தீர்க்கும் பணி வோலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் எடுத்துவந்து அடுக்கி, முழக்கம் எவ்வளவு குறைகின்றது என்று அளந்தார். அவர் கண்ட விதி இதுதான்: மண்டபத்தின் கனவளவைக் கன மீற்றரில் எடுத்து 0.161 ஆற் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பாற் பிரித்தால், முழக்கம் எத்தனை செக்கன் என்பது வரும்.

இவ்விதியை நமது மண்டபத்திற்குப் பிரயோகிப்போம். நீளம் 9 மீற்றர், அகலம் 6 மீற்றர், உயரம் 4 மீற்றர் எனக் கொள்க. கனவளவு 216 கன மீற்றர். சீமெந்துத் தரையும் சாந்து பூசிய சுவரும் நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியையே உறிஞ்சும் எனக் கொண்டால், கதவும் யன்னலும் அடைத்த வெறும் மண்டபத்தில் முழக்கம் ஏறக்குறைய 5 செக்கன் நிற்கும். பத்துச் சதுர மீற்றர் யன்னல்களைத் திறந்துவிட்டால் அது 2 செக்கனாகின்றது. அறுபது பேர் வந்து அமர்ந்தால் முக்காற் செக்கன் அளவுக்கு இறங்குகின்றது. திறந்த யன்னல் ஒரு காசும் கேட்பதில்லை, நேயர்களே! பின்சுவரிலே தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் மேலும் நலம். வெறும் மண்டபத்திற் பரீட்சித்து, “ஒலிபெருக்கி கூடாது” என்று தீர்மானிப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராக.

அடுத்து, கடையிலே செய்யவேண்டிய பரிசோதனைகளைக் கூறுவேன். முதலாவது, முன்புறத் துணித் திரையைக் கழற்றும்படி கேளுங்கள். கூம்பின் வெளிவிளிம்பில் ஒரு வளையம் உண்டு. அது நுரைப்பஞ்சினால் ஆனதாயின், பதினைந்து இருபது ஆண்டுகளில் உக்கி உதிரக்கூடும். நமது நாட்டின் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். விரலால் மெல்லத் தொடும்போது பிசுபிசுத்தாலோ பொடியாய் உதிர்ந்தாலோ, புதுவளையம் இடும் செலவை விலையிற் கழிக்கச் சொல்லுங்கள். றப்பர் வளையமும் துணி வளையமும் நெடுங்காலம் உழைப்பவை.

இரண்டாவது, இரு கைவிரல்களாலும் கூம்பைச் சமமாக, மிக மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே உராயும் ஓசை கேட்குமாயின் சுருள் கோணியுள்ளது அல்லது கருகியுள்ளது, அதனை வாங்கற்க. உச்சத் தொனியைத் தரும் சிறு ருவீற்றரை மாத்திரம் தொடாதீர்கள். அதன் மென்சவ்வு விரல் பட்டாலே நசுங்கிவிடும்.

மூன்றாவது, மல்ரிமீற்றர் ஒன்றினாற் சுருளின் தடையை அளவிடுங்கள். எட்டு ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கியில் ஆறு அல்லது ஏழு ஓமும், நான்கு ஓம் எனக் குறிக்கப்பட்டதில் மூன்றுக்குச் சற்று மேலும் காட்டுவது இயல்பு. முள் அசையாவிடின், அல்லது இலக்கம் தோன்றாவிடின், சுருளோ இணைப்போ அறுந்துள்ளது.

நான்காவது, நன்கு பழகிய மனிதக் குரல் ஒன்றை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு ருவீற்றருக்கும் அண்மையிற் செவியை வைத்துக் கேளுங்கள். ஒரு கடதாசிக் குழாயைச் செவியில் வைத்துக்கொண்டால், எது ஒலிக்கின்றது, எது ஊமையாயிற்று என்பது தெளிவாகும். இறுதியாக, பெட்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நனைந்தால் ஊதிப் பிளக்கும், கறையானும் விட்டுவைப்பதில்லை.

இரண்டும் ஒரே வகையினவாய் இருத்தல் வேண்டும். ஸ்டீரியோ ஒலிக்கு அதுவே பொருத்தம். 1931 ஆம் ஆண்டிலே அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்கான உரிமைப் பத்திரத்திற்கு விண்ணப்பித்தார். இரு ஒலிபெருக்கிகளும் ஒரே குரலை ஒரே அளவில் ஒலிக்கும்போது, குரல் நடுவே வெற்றிடத்தினின்று வருவதுபோலத் தோன்றும். அங்ஙனம் தோன்றாமல் குரல் சிதறி, அடித்தொனியும் மெலிந்திருந்தால், ஒன்றின் கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருத்தல் கூடும். ஒன்றரை வோல்ற்றுப் பற்றறியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரு பெட்டியிலும் பெரிய கூம்பு ஒரே திசையில் அசைதல் வேண்டும். ஆயினும், ஸ்டீரியோவின் சுவையை நடுவில் இருப்போரே முழுமையாய் நுகர்வர். கூட்டத்துக்கும் பாடத்துக்கும் ஒரே ஒலியை இரண்டிலும் அனுப்புவதே நீதியாகும்.

விரியலாக்கியைப் பற்றியும் ஓரிரு சொற்கள். யப்பானிலிருந்து வரும் பழைய விரியலாக்கிகளுள் அந்நாட்டுப் பாவனைக்கென்றே செய்யப்பட்டவை 100 வோல்ற்றுக்கு உரியவை. நமது மின்சாரமோ 230 வோல்ற்று. மின்மாற்றி இன்றி இணைத்தால் கருவி கருகிவிடும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இவ்விடர் இல்லை. இரண்டு நான்கு ஓம் பெட்டிகளை ஒரே முனையிற் பக்கமாய் இணைத்தால் சுமை இரண்டு ஓமாகி விரியலாக்கியை வருத்தும். வலுக் குறைந்த விரியலாக்கியை எல்லை கடந்து முடுக்குவதும் தவறு. உருக்குலைந்த அவ்வோசை முதலிற் கொல்வது ருவீற்றரையே. கம்பியிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பதினைந்து மீற்றர் தூரத்திற்கு 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி போதுமானது. மெல்லிய விளக்குக் கம்பி வலுவின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும்.

பெட்டிகளைத் தரையில் வைக்காது, ருவீற்றர் அமர்ந்திருப்போரின் தலைக்குச் சற்று மேலாய் நிற்குமாறு உறுதியான மேசையில் வைத்து, பின்வரிசையை நோக்கிச் சிறிது சாய்த்துவிடுங்கள். அதனால் முன்வரிசையோரின் காது வருந்தாது. பின்வரிசையோருக்கும் சொல் சென்றடையும். சுவரோரம் வைத்தால் அடித்தொனி பெருகும். மூலையில் வைத்தால் மிகப் பெருகிப் பேச்சை மூடும். பேச்சே பெரிதாயின் மூலையைத் தவிர்க்க.

கடைசியாக ஒன்று. பெரிய ஒலி நல்ல ஒலியன்று. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெலுக்கு உட்படுவதே செவிக்கு எல்லையென வல்லுநர் வகுத்துள்ளனர். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்நேரம் பாதியாகின்றது. 100 டெசிபெலில் அது கால் மணி நேரமே. ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்தால் மாற்றலாம். பிள்ளையின் உட்செவி நரம்பு கெட்டால் மாற்ற இயலாது.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் மண்டபத்தை அளந்து, யன்னலைத் திறந்து, கையிலுள்ள பணத்தில் ஒரு பங்கைக் கம்பிக்கும் திருத்தத்திற்கும் ஒதுக்கிவையுங்கள். மல்ரிமீற்றரும் பற்றறியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாங்கி வந்தபின் முதற் பரீட்சையை மேடையிலிருந்து செய்யாதீர்கள். மண்டபம் நிறைந்திருக்கையிற் கடைசி வாங்கிற் சென்று அமர்ந்து, ஒரு சிறுவன் வாசிப்பதைக் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு சொல்லும் விளங்குமாயின், கொடுத்த பணம் தகும்.