எண்ணி அனுப்பினோம், எண்ணிப் பெறுவோமா?



பள்ளிச் சுற்றுலாக் காலம் வந்தவுடன் உங்கள் பிள்ளையும் ஒரு தாளைக் கொண்டுவந்து உங்கள் முன் நீட்டுவாள். சம்மதக் கடிதம்! கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் கட்டவேண்டும் என்று பார்த்துக் கையொப்பமிடுகிறோம். அதில் மூணாறு என்று எழுதியிருந்தால், மலையிலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் மனம் மகிழ்கிறது. நம் தாய்மார் கொழுந்து எடுத்த மலையை நம் பிள்ளைகளும் காணட்டும் என்று விரும்புகிறோம். நல்ல விருப்பம்தான்.

கொச்சியிலிருந்து அடிமாலி வழியாக வரும் பேருந்துகள் பள்ளிவாசலைக் கடந்தே மூணாறுக்கு ஏறுகின்றன. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது இந்தப் பள்ளிவாசலில்தான். மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைக் கண்ணால் கண்ட பிள்ளை, நீர் எப்படி மின்சாரமாகிறது என்பதை வாழ்நாளெல்லாம் மறப்பதில்லை. ஆகவே, பிள்ளைகளை அனுப்பவேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எப்படி அனுப்புகிறோம் என்பதைச் சிந்திக்கவே எழுதுகிறேன்.

இந்நாட்களில் மாணவர்கள் வெளிநாடுகளுக்கும் கல்விச் சுற்றுலா செல்கிறார்கள். 2022 நவம்பரில் தமிழக அரசுப் பள்ளி மாணவர்கள் துபாய்க்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அத்தகைய பயணத்தில் கடவுச்சீட்டு, விசா, பெயர்ப்பட்டியல் என்று ஒவ்வொரு பிள்ளையும் பலமுறை சரிபார்க்கப்படுகிறது. விமான நிலையத்தில் ஓர் இருக்கைக்கு இருவரை ஏற்ற முடியாது. ஆனால் அருகிலுள்ள மலைக்குப் பேருந்தில் செல்லும்போது இத்தனை கேள்விகளை யார் கேட்கிறார்கள்? "பக்கத்தில்தானே போகிறார்கள்" என்று அமைதியாகிவிடுகிறோம்.

நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள்.

2007 பிப்ரவரி 20. அங்கமாலி அருகே இளவூரிலிருந்து சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள், தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகேறினார்கள். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய அந்தப் படகு மூழ்கியது. 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மாண்டார்கள்.

2022 அக்டோபர் 5. எர்ணாகுளம் மாவட்டப் பள்ளி ஒன்றிலிருந்து மாலையில் ஊட்டிக்குப் புறப்பட்ட சுற்றுலாப் பேருந்து, நள்ளிரவு நெருங்கும் வேளையில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் பயணித்த 3 பேர் என 9 உயிர்கள் போயின. சுற்றுலாப் பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது பின்னர் தெரியவந்தது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சுற்றுலாப் பயணம் கூடாது என்ற அறிவுறுத்தல் கேரளப் பள்ளிகளுக்கு இருந்தது. அது காகிதத்திலேயே நின்றுவிட்டது.

2025 பிப்ரவரி 19. நாகர்கோவிலிலிருந்து மூணாறு சென்ற கல்லூரி மாணவர்களின் பேருந்து மாட்டுப்பட்டி அருகே கவிழ்ந்தது. 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

இவற்றில் எதுவும் தூர தேசத்தில் நடக்கவில்லை. நமக்குப் பழகிய சாலையில், பழகிய ஆற்றில் நடந்தவை.

பிள்ளைகளோடு மாண்ட ஆசிரியர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் வகுப்பில் கணக்கும் விளையாட்டும் கற்றுத்தந்தவர்கள். பேருந்தின் வேகத்தையும் படகின் பாரத்தையும் அளக்க அவர்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்? "வேகத்தைக் குறையுங்கள்" என்று ஓட்டுநரிடம் கண்டித்துச் சொல்லும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? பொறுப்பை மட்டும் ஆசிரியரின் தோளில் வைத்துவிட்டு, அதிகாரத்தை நாம் கொடுப்பதில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். கூட்டம் மிகுந்திருக்கிறது என்று ஓர் ஆசிரியை பிள்ளைகளைப் படகில் ஏற்றாமல் திரும்பினால், "பணம் வாங்கிக்கொண்டு படகில் ஏற்றவில்லையே" என்று முறையிடுகிறவர்கள் யார்? ஓர் இரவு தங்கும் செலவை மிச்சப்படுத்த இரவிலேயே பயணிக்கும்படி கேட்கிறவர்கள் யார்? பெற்றோராகிய நாம் அல்லவா?

ஆகவே, கையொப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள். பேருந்து இரவில் ஓடுமா? ஓட்டுநர் முந்தின இரவு உறங்கினாரா, அல்லது வேறொரு பயணத்திலிருந்து நேராக வருகிறாரா? மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவரா? பள்ளத்தில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். சமவெளியில் மட்டும் ஓட்டியவருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். படகுப் பயணம் உண்டென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர் சொல்லி எண்ணுவார்களா?

இது பள்ளிக்கு மட்டும் உரியதல்ல. நம் சபைகளிலிருந்தும் வாலிபர்களும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் வாகனங்களில் மலைக்குப் புறப்படுகிறார்கள். ஜெபித்து அனுப்புகிறோம். மிகவும் நல்லது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவதற்கு ஜெபம் ஒரு சாக்காக இருக்கலாகாது.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் யாக்கோபை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து பயணிக்கலாம் என்று ஏசா அழைத்தபோது அவன் இணங்கவில்லை. தன்னோடு இருப்பவர்கள் இளம்பிள்ளைகள் என்பதை எடுத்துச்சொல்லி, அவர்களுடைய கால்களின் வேகத்தையே தன் வேகமாக்கிக்கொண்டான். பிள்ளைகளை நடத்திச் செல்கிற எவருக்கும் இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இம்முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டீச்சர், ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால் பயணத்தை நிறுத்திவிடுங்கள். ஒரு இடம் பார்க்காமல் திரும்பினாலும் நாங்கள் குறை சொல்லமாட்டோம்." அந்த ஒரு சொல் அவருக்குத் துணிவு தரும். போகும்போது எத்தனை பிள்ளைகளோ, திரும்பும்போதும் அத்தனை பிள்ளைகள். சுற்றுலாவின் வெற்றி அதுவே.